முதலில் திரும்பியவர்

ஷெர்லினை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் மறைத்தேன் என்று யாரும் சொல்லக் கூடாது. அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. பார்த்தால் வணக்கம் சொல்வாள். கிறிஸ்துமஸ் வந்தால் வீட்டில் செய்த முந்திரிக்கொத்தை ஒரு டப்பாவில் போட்டு என் மேஜையில் வைத்துவிட்டுப் போவாள். அது நன்றாகத்தான் இருக்கும். அதுவும் எனக்குப் பிடிக்காது.

என் பெயர் சுடலைமணி. சட்டையில் குத்தியிருக்கும் பட்டையில் எஸ். மணி. பதினெட்டு வருஷமாக ஹெலிகாப்டர் ஓட்டுகிறேன். மணப்பாட்டுக்குத் தெற்கே கடற்கரையில் எங்கள் தளம். அங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் கடலுக்குள் நூற்று இருபது காற்றாலைகள் நிற்கின்றன, ஒவ்வொன்றும் இருநூற்றைம்பது மீட்டர் உயரம். அவற்றில் வேலை செய்கிறவர்களைக் கொண்டுபோய் விடுவது, கூட்டிவருவது, அடிபட்டால் தூக்கிவருவது எங்கள் பிழைப்பு. ஆளில்லாத மெஷின்களை அனுப்பிப் பார்த்தார்கள். ஒரே ஐப்பசியில் இரண்டு கடலுக்குள் போயின. அதற்குப் பிறகு ஆளையே வைத்துக்கொள்வோம் என்று கம்பெனி முடிவு செய்தது. தளத்தில் ஐந்து பைலட்டுகள். மூத்தவன் நான். என்னைவிட ஏழு வயது இளையவள், நாசரேத்துக்காரி, ஷெர்லின்.

மழையில் ஹெலிகாப்டர் ஓட்டுகிறவன் ஒரு பெரிய தப்பால் சாவதில்லை. மேகம் தலையில் இடிக்கிறதே என்று கொஞ்சம் கீழே இறங்குவான். முன்னால் தெரியவில்லையே என்று கொஞ்சம் வேகத்தைக் குறைப்பான். மறுபடி கொஞ்சம் கீழே. ஒவ்வொன்றும் அந்தந்த நேரத்தில் நியாயமாகவே இருக்கும். கடைசியில் கடலுக்கு நூறடி மேலே, சைக்கிள் வேகத்தில், எது மேல் எது கீழ் என்று தெரியாமல் தொங்கிக்கொண்டிருப்பான். அதனால் எங்களுக்கு ஒரு விதி உண்டு. ஐந்நூறு அடிக்குக் கீழே இறங்க வேண்டி வந்தால் ஒன்று. எண்பது நாட், அதாவது மணிக்கு நூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே குறைக்க வேண்டி வந்தால் இரண்டு. இரண்டும் சேர்ந்தால் திரும்பிவிட வேண்டும். விதி எல்லாருக்கும் தெரியும். இரண்டும் சேர்ந்துவிட்டது என்று தனக்குத் தானே ஒப்புக்கொள்கிற நிமிஷம்தான் ஆளுக்கு ஆள் மாறும்.

அந்த நிமிஷத்துக்குத்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கருவியைக் கொண்டுவந்து எங்கள் மெஷின்களில் பொருத்தினார்கள். அதன் பெயர் ‘துணை’. நாங்கள் வைத்த பெயர் மாமியார். ஒரு வார்த்தை பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பதால்.

பொருத்திய அன்று ஹபீப்தான் எங்களுக்கு விளக்கினான். தளத்தின் மின்னணுப் பொறியாளன், காயல்பட்டினத்துப் பையன்.

“சார், ஒரு பைலட் அஞ்சு வருஷத்துல எந்த மழையில போனாரு, எந்த மழையில திரும்பினாருன்னு எல்லாத்தையும் இது படிச்சிருக்கு. இப்போ ஒங்க மேப்புல ஒரு நீலக் கோடு ஓடும். அந்தப் பைலட் இன்னிக்கு இந்த வானத்துல பறந்தா எதுவரைக்கும் போவாரோ, அதுவரைக்கும் கோடு. கோடு முடியுற இடம் அவரு திரும்புற இடம்.”

“என் கோடா?” என்றேன்.

“இல்ல சார். ஒங்க புத்தி ஒங்ககிட்டயே இருக்கே. இது இன்னொருத்தரோடது. யாரோடதுன்னு சொல்லக் கூடாதுன்னு உத்தரவு.”

அவன் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டேன். ஹெலிகாப்டரில் பைலட் உட்காருவது வலப்பக்கம். திரும்புவதென்றால் வலப்பக்கம் திரும்பினால்தான் போகிற இடம் கண்ணுக்குத் தெரியும். எல்லாரும் இருந்த இடத்திலேயே திரும்புவார்கள். ஷெர்லின் மட்டும் முதலில் இடப்பக்கம் கொஞ்சம் ஒதுங்கி, தனக்கு இடம் உண்டாக்கிக்கொண்டு, அப்புறம் வலப்பக்கம் திரும்புவாள். என் மெஷினில் ஓடிய நீலக் கோட்டின் நுனி, முடிகிற இடத்தில், இடப்பக்கமாகக் கொஞ்சம் வளைந்திருந்தது.

அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை. தளத்தில் மூத்தவன் நான், எனக்குப் புத்தி சொல்ல அவளா? அவள் பயிற்சிக்கு வந்தபோது இதே கடல் மேல் முதல் முறை கூட்டிக்கொண்டு போனவன் நான். அப்படியென்றால் கம்பெனி யாரைப் பெரிய ஆள் என்று நினைக்கிறது?

என் மனைவி கோமு சொன்னாள், “அந்தப் பிள்ளையப் பத்திப் பேசாம ஒரு வாய் சோறு இறங்காதோ ஒங்களுக்கு? என்னையப் பத்தி ஒரு நாளாவது இப்படி நெனச்சிருக்கீயளா?”

நினைத்ததில்லை. அது உண்மை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே வேலை. கோடு முடிகிற இடத்தைத் தாண்டி அரைக் கிலோமீட்டர் போவேன். பெரிதாக ஒன்றும் இல்லை, அரைக் கிலோமீட்டர்தான். அதற்குள் மழை கொஞ்சம் விட்டுவிடும், காற்றாலையின் சிவப்பு விளக்கு தெரியும், இறங்கிவிடுவேன். திரும்பி வரும்போது பாட்டு வரும் வாயில். ஆனால் அடுத்த வாரமே அவள் கோடு நீண்டிருக்கும். நான் போன இடத்துக்கும் அப்பால், இன்னும் ஒரு கிலோமீட்டர். வேண்டுமென்றே செய்கிறாள் என்று எனக்கு வயிறு எரியும். நானும் விடமாட்டேன்.

மேலாளருக்கு ஒரே கொண்டாட்டம். ‘இம்மாதம் ரத்தான பயணங்கள்: 0’ என்று அறிவிப்புப் பலகையில் எழுதி லட்டு கொடுத்தார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நல்ல செய்தியை யாரும் குடைந்து பார்ப்பதில்லை.

*

அந்த நாள் ஐப்பசி கடைசி. இலங்கைக்குக் கிழக்கே ஒரு தாழ்வு மண்டலம் சுற்றிக்கொண்டிருந்தது. காலையிலேயே கிழக்கேயிருந்து கொண்டல் காற்று, விட்டுவிட்டு மழை. மெஷினைச் சோதிக்கப் போனபோது ஹபீப் உள்ளே உட்கார்ந்து கையில் பலகைக் கணினியை வைத்துக்கொண்டிருந்தான். முகம் சரியில்லை.

“சார், ஒரு விஷயம் சொல்லுதேன். சொன்னேன்னு தெரிஞ்சா என் வேலை போயிரும்.”

“சொல்லு.”

“துணையைப் பொருத்தின புதுசுல நீங்க திரும்புற இடத்துல கண்ணுக்குத் தெரியுற தூரம் ரெண்டு கிலோமீட்டர். இப்போ எழுநூறு மீட்டர். ஷெர்லின் மேடத்துக்கும் அப்போ ரெண்டு கிலோமீட்டர், இப்போ அறுநூத்தம்பது. மத்த மூணு பேருக்கும் மாறவே இல்ல.”

“அவ துணிச்சல்காரி. அதுக்கு நான் என்ன பண்ணணும்?”

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். “சார், ஒங்க மெஷின்ல ஓடுறது மேடத்தோட கோடு. அது ஒங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். மேடம் மெஷின்ல ஓடுறது யாரு கோடுன்னு நெனைக்கீங்க?”

நான் அவன் கையிலிருந்த கணினியை எட்டிப் பார்த்தேன்.

“ஒங்களோடது சார். ஒருத்தர் புத்தி இன்னொருத்தரைத் தடுக்கும்னு நெனச்சுத்தான் ஜோடி போட்டாங்க. காகிதத்துல நல்ல யோசனைதான். நீங்க மேடம் கோட்டைத் தாண்டிப் போறீங்க. அதைப் படிச்சு ஒங்க கோடு நீளுது. மேடம் அதைப் பாத்து அதைத் தாண்டிப் போறாங்க. அவங்க கோடு நீளுது. நீங்க அதைத் தாண்டுறீங்க. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கையப் புடிச்சு மேகத்துக்குள்ள இழுத்துட்டுப் போறீங்க சார்.”

“மேலாளர்கிட்ட சொன்னியா?”

“சொன்னேன். ரத்தே இல்லாம ஓடுது, அதைப் போய்க் கெடுக்காதேன்னுட்டாரு. இன்னொண்ணு. போன வாரத்துலேர்ந்து பறந்து முடிச்ச பிறகு படிக்கிறதில்ல. பறக்கும்போதே படிக்குது. நீங்க இங்க திரும்பினா அடுத்த நொடி அங்க கோடு குறையும்.”

இதைக் கேட்டதும் எந்த நல்ல மனுஷனுக்கும் பயம் வந்திருக்கும். எனக்குச் சந்தோஷம் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், உடம்பெல்லாம் குளிர்ந்தது. அவள் மெஷினில் நான்! அவளுக்கும் ஒரு மாமியார், அது நான்! இரண்டு வருஷமாக அவளும் சோறு இறங்காமல் இருந்திருக்கிறாள்! ஹபீபின் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுச் சீட்டியடித்துக்கொண்டே போனேன். அவன் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மதியம் இரண்டே காலுக்கு இரண்டு உத்தரவு ஒன்றாக வந்தது. தெற்கே அறுபத்தொன்றாம் காற்றாலைக் கோபுரத்தில் கதிரேசன் என்ற மெக்கானிக்கின் வலது கை, பற்சக்கரத்தின் மூடிக்கு அடியில் சிக்கி நசுங்கிவிட்டது. நர்ஸைக் கூட்டிக்கொண்டு ஷெர்லின் போக வேண்டும். வடக்கே கடலுக்குள் நிற்கும் மின்நிலைய மேடையில் ஆறு பேர். புயலுக்கு முன்னால் அவர்களை நான் கூட்டிவர வேண்டும். அவர்களுக்கு மேடையிலேயே அறையும் சாப்பாடும் இருந்தது, வராவிட்டாலும் உயிருக்கு ஒன்றும் இல்லை. எனக்கு இந்த வேலை, அவளுக்கு அந்த வேலை. கையைக் காப்பாற்றினால் பேப்பரில் யார் படம் வரும்? நான் மெஷினைக் கிளப்பும்போது நினைத்தது இதைத்தான்.

*

இருபது கிலோமீட்டரில் மழை பிடித்தது. ஐந்நூறு அடிக்கு இறங்கினேன். அப்புறம் நானூறு. கண்ணாடியில் தண்ணீர் ஓடுகிறது, துடைப்பான் அடிக்கிறது, கடலும் வானமும் ஒரே சாம்பல். வேகம் எழுபது. இரண்டும் சேர்ந்துவிட்டது. எனக்குத் தெரியும். வரைபடத்தைப் பார்த்தேன். நீலக் கோடு எனக்கு முன்னால் இன்னும் ஐந்து கிலோமீட்டர் ஓடியது.

முந்நூறு அடி. அறுபது நாட். கீழே அலையின் வெள்ளை மட்டும் தெரிந்து தெரிந்து மறைந்தது. அதுவும் ஒரு கணம் பக்கவாட்டில் தெரிந்தது. சாய்வு காட்டும் கருவியைப் பார்த்தேன், மெஷின் இடப்பக்கம் சாய்ந்திருந்தது, எனக்குத் தெரியாமலே. நேராக்கினேன்.

அப்போதுதான் ஹபீப் காலையில் சொன்னது மண்டையில் ஏறியது. நான் போய்க்கொண்டிருக்கிறேன். அதனால் அவள் மெஷினில் கோடு ஓடுகிறது. அவள் அதைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கிறாள். அதனால் என் மெஷினில் கோடு ஓடுகிறது. முன்னால் வழி இருக்கிறதா என்று இரண்டு கோட்டுக்கும் தெரியாது.

ரேடியோவில் கூப்பிட்டேன். “ஷெர்லின், மணி பேசுறேன். எப்படி இருக்கு அங்க?”

“மோசம் சார். நானூறு மீட்டர் தெரியுது.”

“திரும்பிருங்க.”

இரைச்சலுக்கு நடுவே அவள் குரல். “நீங்க திரும்புங்க சார்.”

என்ன திமிர் பார்த்தீர்களா? எனக்கு முடியவில்லை, அவளுக்கு முடியுமாம். இரண்டு வருஷமாக நான் அவளைச் சாடை பேசாத நாள் இல்லை. இப்போது நான் சொல்கிற நல்ல வார்த்தை அவள் காதில் எப்படி விழும்? பொறாமை பிடித்தவன் பேச்சாகத்தான் விழும். பேசிப் பயனில்லை. அவளை நிறுத்த ஒரே வழிதான் இருந்தது. நான் திரும்ப வேண்டும். என் கோடு அவள் கண்ணெதிரே சுருங்க வேண்டும். சுடலைமணி பயந்துவிட்டான் என்று அவள் பார்க்க வேண்டும்.

கை வரவில்லை. அந்த நீலக் கோடு பார்த்துக்கொண்டே இருந்தது. மடியில் இருந்த வானிலைத் தாளைக் கிழித்து அதன் மேல் ஒட்டி மறைத்தேன். மறைத்த பிறகும் திரும்பவில்லை. இதைத்தான் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கோட்டை மறைத்துவிட்டு, கண்ணுக்கு ஒன்றும் தெரியாமல், யோசித்துக்கொண்டே போனேன். நான் திரும்பினால் அவள் திரும்புவாள். அவள் திரும்பினால் கதிரேசனுக்குக் கை போகும். திரும்பாவிட்டால் அவளும் நர்ஸும் ஏதாவது ஒரு கோபுரத்தில் மோதலாம். ஒரு கையா, இரண்டு உயிரா? கணக்கு எளிது. ஆனால் உள்ளே இன்னொரு குரல் கேட்டது: அவள் அந்தக் கையைக் காப்பாற்றிப் பேர் வாங்கக் கூடாது என்றுதானே திரும்பப் போகிறாய்? எந்த மனசு என் கையைத் திருப்பியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

திருப்பினேன். இடப்பக்கம் கொஞ்சம் ஒதுங்கி, இடம் உண்டாக்கிக்கொண்டு, வலப்பக்கம். வேறு மாதிரி திரும்பியிருந்தால் வடக்கு வரிசையின் கடைசிக் கோபுரம் என்னை வாங்கியிருக்கும். திரும்பி முடிக்கும்போது அதன் சிவப்பு விளக்கு இடப்பக்கம், கைக்கெட்டும் தூரத்தில் போனது.

*

தளத்தில் இறங்கினேன். மழையில் ஒரு உருவம் ஓடிவந்தது. ஷெர்லின். அவள் மெஷின் ஏற்கெனவே இறங்கி நின்றிருந்தது.

“என்ன சார் நீங்க!” அவள் கத்தினாள். அவள் கத்தி நான் கேட்டதேயில்லை. “மூணு நிமிஷம்! மூணு நிமிஷமா ஒங்க கோடு குறையவே இல்ல! எனக்கு உயிரே போயிட்டு!”

“நீங்க எப்போ...”

“மூணு பன்னெண்டுக்குத் திரும்பினேன். ஹபீப் காலையில எங்கிட்டயும் சொன்னான். நீங்க திரும்புங்கன்னு சொல்லிப் பாத்தேன். நான் சொன்னா நீங்க கேக்கவா போறீங்க? அதான் நானே திரும்பினேன். என் கோடு குறைஞ்சா பாப்பீங்க, விட்டுருவீங்கன்னு. நீங்க பாக்கவே இல்லியே சார்.”

நான் மூன்று பதினைந்துக்குத் திரும்பியிருந்தேன். நான் தாளை ஒட்டி மறைத்து, தியாகம் செய்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த மூன்று நிமிஷமும், அந்தத் தாளுக்கு அடியில் அவள் கோடு சுருங்கிக் கிடந்திருக்கிறது. எனக்காக. அதுவும் அவள்தான் முதலில்.

உயிர் பிழைத்து வந்தவன் நன்றி சொல்லியிருக்க வேண்டும். நான் உள்ளே போய்த் தலையைத் துவட்டினேன்.

கதிரேசனை மறுநாள் காலை ஒரு படகில் கொண்டுவந்தார்கள். பதினாறு மணி நேரம். பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் மணிக்கட்டோடு கையை எடுத்தார்கள். அவள் திரும்பிய இடத்துக்கு அப்பால் மேகம் கடல்வரை இறங்கியிருந்தது என்று ஹபீப் பதிவுகளைப் பார்த்துச் சொன்னான். போயிருந்தால் வந்திருக்க மாட்டாள். ‘துணை’யைக் கழற்றிப் பெட்டியில் போட்டார்கள். மேலாளர் பலகையை அழித்தார்.

நாலாம் நாள் ஷெர்லின் ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொன்னாள். நானும் வருகிறேன் என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

கதிரேசன் மெலிந்த ஆள், முப்பது இருக்கும், கோவில்பட்டிப் பக்கம். கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்திருந்தான். பக்கத்தில் அவன் மனைவி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அவனே பேசினான்.

“மெஷின் சத்தம் கேட்டுது. பக்கத்துல வந்துட்டீங்கன்னு நெனச்சேன். அப்புறம் சத்தம் தேஞ்சு போச்சு. ஒருத்தர் திரும்பினா இன்னொருத்தரும் திரும்பிருவீங்களாமே. ஏதோ கருவியாம். ஆளுங்க பேசிக்கிட்டாங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். யாரு மொதல்ல திரும்பினது?”

ஷெர்லின் நிமிர்ந்தாள். அவள் வாயைத் திறப்பதை நான் பார்த்தேன். அவள் சொல்லிவிடுவாள் என்று எனக்குத் தெரியும். பொய் சொல்கிற பெண் இல்லை அவள்.

“நான்தான்” என்றேன். “நான் மொதல்ல திரும்பினேன். அதனாலதான் இவங்க திரும்ப வேண்டியதாச்சு.”

கதிரேசன் என்னைப் பார்த்தான். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் மனைவி உரித்த ஆரஞ்சில் ஒரு சுளையை எடுத்து ஷெர்லினிடம் நீட்டினாள். என்னிடம் நீட்டவில்லை.

வெளியே நடையில் நர்ஸுகள் தள்ளுவண்டியோடு போய்க்கொண்டிருந்தார்கள். ஷெர்லின் படிக்கட்டின் முதல் படியில் நின்றாள்.

“ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?”

“ஒங்க மேல பழி விழ வேண்டாம்னு.”

“பழி என்னோடது சார். முடிவும் என்னோடது. பத்து வருஷத்துல நான் எடுத்த ஒரே நல்ல முடிவு அது. அவன் என்னைத் திட்டினாலும் என்னைத்தான் திட்டணும். அதையும் விட மாட்டீங்களா நீங்க? அதுலயும் நீங்கதான் மொதல்ல வரணுமா?”

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். வலியும் கோபமும் இருந்தன. அவற்றுக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. எனக்கு நன்றாகப் பழகிய ஒன்று. இரண்டு வருஷமாகக் காலையில் சவரம் செய்யும்போதெல்லாம் அதை நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.